ஏழு வருடம் என்சைன்: ஹாரி கிம்மும் நாகும்

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் வரிசையைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டது: "ஸ்டார் டிரெக்கில் பாத்திர வளர்ச்சி என்றாலே பிக்கார்ட், ஸ்பாக், டேட்டா என்று மூன்று பேரோடு நிறுத்திவிடுகிறீர்கள். டீப் ஸ்பேஸ் நைனில் வரும் நாகைப் போல வளர்ந்தவர் யாரும் இல்லை, வாயேஜரின் ஹாரி கிம்மைப் போல வளராமல் நின்றவரும் யாரும் இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டா?"

பிப்ரவரி 9

உண்டு. பாதிக்கு மட்டும்.

நாக் விஷயத்தில் சண்டை இல்லை. 1993 ஜனவரியில் தொடர் தொடங்கும்போது அவன் திருடி மாட்டிக்கொள்ளும் பொடியன். 1999 ஜூனில் முடியும்போது ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்வெளிப் படையில் லெப்டினன்ட், அதுவும் லாபமே குறி என்று வாழும் ஃபெரெங்கி இனத்திலிருந்து அங்கே சேர்ந்த முதல் ஆள். ஹாரி கிம் 1995 ஜனவரியில் என்சைனாக, அதாவது அடிமட்ட அதிகாரியாக, வாயேஜர் கப்பலில் ஏறினார், 2001 மே மாதம் என்சைனாகவே வந்து சேர்ந்தார். இரண்டு தொடரும் நாலு வருடத்துக்கு மேல் ஒரே சமயத்தில் ஓடியவை. ஒரே பிரபஞ்சம், ஒரே சீருடை, ஒருவனுக்கு ஏணி, இன்னொருவனுக்கு முக்காலி.

ஆனால் பதவியை வைத்து வளர்ச்சியை அளப்பது எனக்கு ஒப்பவில்லை. வாயேஜர் எழுபதாயிரம் ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொண்ட கப்பல். மேலே யாரும் ஓய்வு பெறப்போவதில்லை, வேறு கப்பலுக்கு மாற்றலாகிப் போகப்போவதும் இல்லை. காலி இடமே இல்லாதபோது கேப்டன் ஜேன்வே எங்கிருந்து பதவி கொடுப்பார்? ஹாரி மேல் பழி போடுவது அநியாயம்.

பிப்ரவரி 9, இரவு

மேலே எழுதியதில் ஓட்டை இருக்கிறது, யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அதே கப்பலில் டுவாக்குக்கு நான்காவது சீசனில் பதவி உயர்வு கிடைத்தது. டாம் பாரிஸ் கட்டளையை மீறியதற்காக 1998இல் என்சைனாக இறக்கப்பட்டு முப்பது நாள் சிறையில் கிடந்தார், 2000இல் பழைய பதவி திரும்பக் கிடைத்தது. ஆக இடம் இல்லை என்பது சாக்கு.

அந்தக் காட்சியை ஒரு முறை பாருங்கள். பாரிஸ் தன் நாற்காலியில் ஒரு சின்னப் பெட்டி இருப்பதைப் பார்க்கிறார். திறந்தால் பதவிச் சின்னம். எல்லோருக்கும் சிரிப்பு. ஹாரி மட்டும், என் நாற்காலியில் பெட்டி எதுவும் இல்லையே என்கிறார். வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 10

ஏன் சிரிப்பு வரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். சொந்தக் கதைதான். ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் ஒரே பதவியில் இருந்தேன். நான் உட்கார வைத்து வேலை சொல்லிக்கொடுத்த பையன் எனக்கு மேலே போனான். நல்ல பையன்தான், அதுதான் இன்னும் சங்கடம். அவனுக்குக் கடிதம் வந்த அன்று எல்லோரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். அப்புறம் என் இடத்துக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. தற்செயலாகப் பார்ப்பதுபோல மறுபடியும் திறந்தேன்.

அதனால் ஹாரிக்காக வாதாடும்போது நான் நடுநிலையில் இல்லை. இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிப்ரவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

எழுத்துப் பிரச்சினை ஒன்று. 'நாக்' என்று எழுதி வேற்றுமை உருபு சேர்த்தால் அவன் வாயில் இருக்கும் நாக்கு ஆகிவிடுகிறான். "நாக்கு லெப்டினன்ட் ஆனது" என்று நேற்று ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் வேலை ஓடவில்லை. நான் நாகை, நாகின், நாகுக்கு என்றே எழுதப்போகிறேன். இலக்கணக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பிப்ரவரி 13

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாக் ஏன் ஸ்டார்ஃப்ளீட்டில் சேர்ந்தான்?

மூன்றாவது சீசனில் ஒரு பை நிறைய லாட்டினத்தை, அதாவது ஃபெரெங்கிக் காசை, எடுத்துக்கொண்டு விண்வெளி நிலையத்தின் தளபதி சிஸ்கோவிடம் வருகிறான். ஃபெரெங்கி வழக்கப்படி காசு கொடுத்து வேலை கற்றுக்கொள்ள நினைக்கிறான். சிஸ்கோ நம்பவில்லை. சரக்குக் கிடங்கில் கணக்கெடுக்கும் வேலை கொடுத்துச் சோதிக்கிறார். திருடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. திருடவில்லை. அதற்கும் மசியாமல், உனக்குச் சிபாரிசு தரமாட்டேன் என்று சீண்டுகிறார். அப்போதுதான் உடைந்துபோய்ச் சொல்கிறான்: அப்பா ராம் இயந்திர வேலையில் கில்லாடி, ஒரு கப்பலின் தலைமைப் பொறியாளராக வந்திருக்க வேண்டியவர், ஃபெரெங்கி என்றால் வியாபாரம்தான் என்று நம்பி லாபத்தின் பின்னால் ஓடி ஒன்றும் இல்லாமல் போனார், அவரைப் போல ஆக எனக்கு இஷ்டம் இல்லை.

இந்த வசனம் மகனைப் பற்றியது என்று தோன்றும். உண்மையில் வளர்வது அப்பா. அதற்கு முன்பு வரை ராம் மதுக்கூடத்தில் அண்ணன் குவார்க்கிடம் திட்டு வாங்கும் அப்பாவி. மகன் வாயிலிருந்து வந்த அந்த வரிக்குப் பிறகு எழுத்தாளர்கள் ராமைப் பொறியாளராகவே வளர்த்தார்கள். அடுத்த வருடமே அண்ணனை எதிர்த்துச் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்கிறார், மதுக்கூடத்தை விட்டு நிலையத்தின் பழுதுபார்க்கும் குழுவில் சேர்கிறார். கடைசியில் ஃபெரெங்கி இனத்துக்கே தலைவர்.

பிப்ரவரி 14

திருத்தம். "அதற்கு முன்பு வரை அப்பாவி" என்று எழுதியது தப்பு. முதல் சீசனில் இதே ராம், குவார்க்கைக் கொன்று இடத்தைப் பிடிக்க ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சதி செய்கிறார். காற்றுப்பூட்டு அறையில் அடைத்து விண்வெளியில் தள்ளும் திட்டம். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. கொஞ்சம் மரியாதையாகச் சுட்டிக்காட்டியிருக்கலாம், பரவாயில்லை.

கேள்வி இப்போது சுவாரசியமாகிறது. அண்ணனைக் கொல்லப் பார்த்த ராம், சாதுவான ராம் ஆனது வளர்ச்சியா, எழுத்தாளர்களின் மறதியா? மறதிதான். வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதே கதையில் இன்னொன்றும் நடக்கிறது. மனிதர்களின் பள்ளியில் ஃபெரெங்கிப் பையனா என்று பெரிய இடத்தில் முகம் சுளித்ததும் ராம் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார். தனக்குப் பிடித்ததை ஊர் வாய்க்குப் பயந்து விட்டவர் மகனையும் விடச் சொல்கிறார். இரண்டு வருடம் கழித்து மகன் சிஸ்கோ முன்னால் நின்று சொன்னதும் இதைத்தான். ஒன்றை மறந்தார்கள், இன்னொன்று தானாகவே பொருந்திக்கொண்டது.

பிப்ரவரி 14, இரவு

பஷீரை விட்டுவிட்டேனே. ஐந்தாவது சீசன் நடுவில் நிலையத்தின் டாக்டர் பஷீர் எதிரிப் பேரரசான டொமினியனின் சிறையில் இருப்பது தெரியவருகிறது. உடம்பில் பழைய சீருடை. மற்றவர்கள் எப்போதோ புதிய சீருடைக்கு மாறிவிட்டார்கள். அதாவது ஒரு மாதத்துக்கு மேலாக நிலையத்தில் டாக்டராக நடமாடியது எந்த உருவமும் எடுக்கக்கூடிய உருமாறி ஒருவன். எதிரியின் ஒற்றன் சிஸ்கோவின் தலையைத் திறந்து அறுவை சிகிச்சை செய்திருக்கிறான், அதுவும் சுகமாக முடிந்திருக்கிறது. இப்படி ஒரு மருத்துவரைப் பகைத்துக்கொள்வானேன்?

பிப்ரவரி 20

ஒரு வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. இடையில் ஒரு நண்பரிடம், டீப் ஸ்பேஸ் நைன் எதையும் மறக்காத தொடர், வாயேஜர் ஒவ்வொரு வாரமும் பலகையை அழித்துவிட்டுத் தொடங்கும் தொடர் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவர் இரண்டே வார்த்தை பதில் அனுப்பினார்: "ஹார்ட் டைம்."

வாயை மூடிக்கொண்டேன். 1996இல் வந்த டீப் ஸ்பேஸ் நைன் பகுதி அது. செய்யாத குற்றத்துக்குத் தண்டனையாக நிலையத்தின் பொறியாளர் ஓ'பிரையனின் மூளையில் இருபது வருடச் சிறை நினைவைப் புகுத்திவிடுகிறார்கள். வெளியே கழிந்தது சில மணி நேரம். வீட்டுக்கு வந்த மனிதனுக்குக் கட்டில் கொள்ளவில்லை, தரையில் படுக்கிறான். கூட இருந்த கைதியைச் சோற்றுச் சண்டையில் கொன்ற நினைவு துரத்துகிறது. கடைசியில் துப்பாக்கியைத் தனக்கு நேரே பிடித்து நிற்கிறான், பஷீர் பேசித் தடுக்கிறார். அடுத்த வாரம் ஓ'பிரையன் வழக்கம்போல எதையோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருபது வருடம் எங்கே போனது?

ஆக மறதி இரண்டு வீட்டிலும் உண்டு. ஒரு வீட்டில் எப்போதாவது, இன்னொன்றில் அதுவே வழக்கம்.

பிப்ரவரி 21

வேடிக்கை என்னவென்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். டீப் ஸ்பேஸ் நைன் தனித்தனித் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்ட தொடர். எந்த நிலையம் எந்த நேரத்தில் போடும் என்றுகூட உறுதி கிடையாது. தொடர்கதை சொல்ல அதைவிட மோசமான இடம் இல்லை. வாயேஜர் யூபிஎன் அலைவரிசையோடு சேர்ந்தே பிறந்தது, வாரா வாரம் நிச்சயமான நேரம். வசதி இருந்தவர்கள் ஒவ்வொரு கதையையும் அந்தந்த வாரமே முடித்தார்கள், வசதி இல்லாதவர்கள் நீட்டினார்கள்.

முதல் வருடம் வாயேஜரில் டார்பீடோ முப்பத்தெட்டுதான், தீர்ந்தால் வேறு வழியில்லை என்று சொல்வார்கள். நான் ஒரு கட்டத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எண்ணிய ரசிகர்கள் உண்டு. முப்பத்தெட்டு எப்போதோ தாண்டிவிட்டது.

பிப்ரவரி 24

நாக் வரும் 'பேப்பர் மூன்' பகுதி பற்றிக் கேட்டவருக்கு.

முதல் தடவை நான் அதைத் தனியாகப் பார்த்தேன், முன்கதை தெரியாமல். ஒரு பையன் கால் வலிக்கிறது என்று ஹாலோசூட்டுக்குள், அதாவது கணினி நிரல் உருவாக்கும் மாய உலக அறைக்குள், போய் அங்கே இருக்கும் ஒரு பழைய காலப் பாடகன் வீட்டில் தங்கிவிடுகிறான், வெளியே வரமாட்டேன் என்கிறான். டாக்டர் கால் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். எனக்கோ எரிச்சல். சிணுங்கிக்கொண்டிருக்கும் பையன், இதற்கு ஒரு மணி நேரமா என்று எழுந்து போய்விட்டேன்.

பல வருடம் கழித்து வரிசையாகப் பார்த்தேன். 1998 நவம்பர் தொடக்கத்தில் வந்த பகுதியில் நாக் ஓ'பிரையனுக்கு ஒரு கருவி வாங்கித்தர பண்டமாற்று நடத்துகிறான். இவரிடம் வாங்கி அவரிடம் கொடுத்து, நடுவில் சிஸ்கோவின் மேசையையே தூக்கி அனுப்பிவிடுகிறான். சீருடைக்குள் அசல் ஃபெரெங்கி. ஸ்டார்ஃப்ளீட்டுக்குப் போனவன் தன் இனத்தின் புத்தியை வாசலில் கழற்றி வைக்கவில்லை, அதையே வேலைக்குப் பயன்படுத்துகிறான். விழுந்து விழுந்து சிரித்தேன்.

இரண்டு வாரம் தள்ளி ஏஆர்-558 என்ற போர்க்களத்தில் நடக்கும் பகுதி. வேவு பார்க்கப் போன இடத்தில் காலில் குண்டு. காலை எடுக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் டிசம்பரில் 'பேப்பர் மூன்'.

இந்த முறை அந்த நொண்டல் வேறு மாதிரித் தெரிந்தது. கைத்தடியோடு நடக்கிறான், போர்க்களத்தில் பஷீர் ஒலிக்கவிட்ட அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான், எழுத்து கற்றுக்கொடுத்த நண்பன், சிஸ்கோவின் மகன் ஜேக்கையே ஒரு இரவு அடித்துவிடுகிறான். கடைசியில் நிரலால் ஆன பாடகன் விக் தன் நிரலைத் தானே நிறுத்திக்கொண்ட பிறகு உண்மை வெளியே வருகிறது. போருக்குப் போகும்போது தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியிருந்தான். காலே போகும் என்றால் எதுவும் போகும், நாளைக்கே செத்தும் போகலாம் என்ற பயம். வேறு ஒன்றும் இல்லை.

குணமாகி வெளியே வரவில்லை, கவனியுங்கள். முழு வேலைக்கு அனுப்பவில்லை, நொண்டல் பாக்கி இருக்கிறது. விக்குக்கு மட்டும் ஒரு நன்றி செய்கிறான்: அந்த நிரல் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க ஏற்பாடு. அந்த நிலையத்தில் நாள் என்றால் 26 மணி நேரம்.

எழுந்து போன நான்தான் தப்பு. பாதி வளர்ச்சி பார்க்கிறவன் நினைவில் நடக்கிறது. முன்கதை இல்லாதவனுக்கு அது வெறும் அடம்.

பிப்ரவரி 25

மேலே சொன்னதற்கு ஒட்டுப்போட ஒரு சின்னக் காட்சி. நிலையத்தில் தையல்கடை வைத்திருந்த கேரக் 1997இல் ஒரு மருந்தின் பிடியில் வெறி பிடித்து நாகைப் பிணையாகப் பிடித்தார். சில மாதம் கழித்து இருவரும் ஒரே கிரகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். நாக் கேரக்குக்கு முதுகைக் காட்டாமலே நடக்கிறான். அன்றைக்கு நீ செய்ததற்குப் பிறகு இனி உன்னை என் முன்னால்தான் விடுவேன் என்கிறான். கேரக் முகத்தில் சந்தோஷம், நீ தேறிவிடுவாய் போலிருக்கிறதே என்கிறார். பத்து விநாடி இருக்குமா? ஒரு பகுதி முழுக்க அழ வைப்பதைவிட இந்தப் பத்து விநாடி எனக்குப் பெரிது.

மார்ச் 2

டமார் பற்றி யாருமே பேசவில்லை என்று ஒரு குரல். நியாயம்.

டீப் ஸ்பேஸ் நைனின் நான்காவது சீசனில், கார்டாசியன் இனத்தின் தளபதி டுகாட்டின் சரக்குக் கப்பலில் பின்னால் நிற்கும் ஓர் அதிகாரியாக வருகிறார். வசனம் அதிகம் இல்லை. பிறகு டுகாட்டின் மகள் ஜியாலைத் துரோகி என்று சுட்டுக் கொல்கிறார், நிலையத்தில் சிஸ்கோவுக்கு அடுத்த அதிகாரியான கிரா தன் பெண்ணைப் போலப் பார்த்துக்கொண்டவள் அவள். அதன்பின் டொமினியனின் கையாளாகி, குடித்துக் குடித்து, ஒரு நாள் அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறார். கலகம் நடத்தக் கற்றுக்கொடுக்க அனுப்பப்படுவது யார்? கிரா.

1999இல் டமாரின் மனைவியையும் மகனையும் டொமினியன் கொன்றுவிட்ட செய்தி வருகிறது. நிலைகுலைந்து, அப்பாவிகளைக் கொல்லச் சொல்லிக் கட்டளை போடுகிறவர்கள் எப்படிப்பட்ட ஜனங்கள் என்று கேட்கிறார். பஜோர் கிரகத்தில் கார்டாசியன்களின் ஆக்கிரமிப்பிலேயே பிறந்து வளர்ந்த கிரா அதே கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்கிறார். டமார் ஒன்றும் பேசாமல் வெளியே போய்விடுகிறார். சமாதானம் சொல்ல வேண்டிய நேரத்தில் இப்படிக் கேட்டுவிட்டோமே என்று கிராவுக்கே உறுத்துகிறது.

டமார் மன்னிப்புக் கேட்பதில்லை. அதே பகுதியில், பழைய கார்டாசியா திரும்பி வர வேண்டும் என்று நிற்கும் தன் நெடுநாள் நண்பனைச் சுட வேண்டிய நிலை வரும்போது சுடுகிறார். கிராவின் கேள்விக்கு அவர் கொடுத்த பதில் அதுதான்.

மார்ச் 3

ஹாரிக்குத் திரும்புகிறேன். எல்லோரும் மறந்துவிட்ட ஒரு செய்தி: அசல் ஹாரி கிம் இரண்டாவது சீசனிலேயே இறந்துவிட்டார். 1996இல் கப்பல் இரட்டிப்பாகும் கதை. இந்தக் கப்பலின் ஹாரி விண்வெளிக்கு இழுத்துச் செல்லப்பட்டுச் சாகிறார், அந்தக் கப்பல் அழியும் முன் அங்கிருந்த ஹாரி ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்கிறார். இது என் கப்பலும் இல்லை, நீங்கள் என் கேப்டனும் இல்லை என்ற அளவுக்கு ஜேன்வேயிடம் கேட்கிறார். விசித்திரம் நம் உத்தியோகத்தில் சகஜம் என்கிறார் ஜேன்வே. அதோடு சரி. இன்னொருவனின் கட்டிலில் படுத்து, இன்னொருவனின் கிளாரினெட்டை வாசித்துக்கொண்டு ஐந்து வருடம். ஒரு கெட்ட கனவுகூட இல்லை.

இங்கேதான் என் முதல் குறிப்பை நானே மாற்றிக்கொள்கிறேன். பதவி உயர்வு வரவில்லை என்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். வராமல் போனது, செத்துப் பிழைத்தது, எதுவுமே அவர்மேல் ஒரு கீறல்கூட விடவில்லை என்பதுதான் குறை. எனக்கு ஆறு வருடத்தில் உயர்வு கிடைக்கவில்லை, ஆனால் அந்த ஆறு வருடம் என்னை என்ன செய்தது என்று என் வீட்டில் கேட்டால் பட்டியல் போடுவார்கள். நான் கொஞ்சம் கசந்தேன், கொஞ்சம் சோம்பலானேன், அப்புறம் ஒரு வழியாக வேறு வேலை தேடிக்கொண்டேன். ஹாரிக்குக் கசக்கும் உரிமையைக்கூடக் கொடுக்கவில்லை. பெட்டி இல்லையே என்ற அந்த ஒரு வரியைப் பிடித்து ஒரு சீசன் எழுதியிருக்கலாம்.

மார்ச் 3, பின்குறிப்பு

2024இல் லோயர் டெக்ஸ் கார்ட்டூன் தொடரின் கடைசி சீசனில் பல பிரபஞ்சங்களிலிருந்து ஹாரி கிம்கள் கும்பலாக வருகிறார்கள். அத்தனை பேரும் என்சைன். ஒரே ஒருவர் மட்டும் லெப்டினன்ட், அவருக்குத் தலைக்கனம் ஏறி எல்லோருக்கும் ஆபத்து. இருபத்து மூன்று வருடம் கழித்துத்தான் அந்தப் பதவிக்கு ஒரு விளைவு வந்தது.

மார்ச் 17

முதல் கேள்வி கேட்டவர் நாகின் பழைய பகுதிகளை மறுபடி பார்ப்பதாக எழுதியிருந்தார், அதனால் நானும் முதல் சீசனுக்குப் போனேன்.

நாக் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பிறகு ஜேக் தினமும் எங்கேயோ போய்விடுகிறான். அந்த ஃபெரெங்கிப் பையனோடு சேர்ந்து கெட்டுப்போகிறானோ என்று சிஸ்கோவுக்குக் கவலை. தேடிப் போகிறார். சரக்கு அறையில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜேக் சொல்லித்தருகிறான், நாக் தடுக்கித் தடுக்கிப் படிக்கிறான். சிஸ்கோ உள்ளே போகவில்லை. சத்தம் போடாமல் திரும்பிவிடுகிறார்.

ஏழாவது சீசனில், ஏஆர்-558இல், ஃபெரெங்கிக் காது நன்றாகக் கேட்கும் என்பதற்காகவே வேவு பார்க்க நாகை அனுப்புகிறார். குவார்க் வேண்டாம் என்று சண்டை போடுகிறார். அனுப்பியது இதே சிஸ்கோ.